வடைச்சட்டி முதல் டீசல் டேங்க் வரை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று வகுப்புப் பிரதிநிதி கேட்டான். கவிதை எழுத நம் துறையில் ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பொருளான எண்ணெயைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

எண்ணெய் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அப்பா குட்டியானை ஓட்டுகிறார். அம்மா ஜெய்ஹிந்துபுரத்தில் சாயங்காலம் வடை, பஜ்ஜிக் கடை போடுகிறார். வீட்டுக்கு வரும் காசில் பாதி டீசலுக்குப் போகிறது. மீதியில் பாதி பாமாயிலுக்குப் போகிறது. அதற்கும் மிஞ்சியதில் நானும் தங்கச்சியும் படிக்கிறோம். அப்பா எட்டாவதோடு நின்றவர், அம்மா அஞ்சாவது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "நீதான் படிச்சவனாச்சே, சொல்லு" என்று என் பக்கம் திரும்பிவிடுவார்கள். கரண்ட் பில் முதல் கடவுள் வரை கேட்டிருக்கிறார்கள்!

இந்த வருடம் எங்கள் குழு எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட், பொரித்த எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிப்பது. சாப்பிட உதவாத செடியிலிருந்தும் வீணாகப் போகும் பொருளிலிருந்தும் எரிபொருள் எடுப்பது என்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எஞ்சினுக்குத் தன் பெயரைக் கொடுத்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் கடலை எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றினால் நாம் எதில் தாளிப்பது? அங்கேதான் சிக்கல்.

இன்றைக்கும் அதே சிக்கல் இருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை நம் நாடு 2025-ல் எட்டியது. அந்த எத்தனாலில் கரும்பும் இருக்கிறது, அரிசியும் இருக்கிறது, மக்காச்சோளமும் இருக்கிறது. மக்காச்சோளம் விலை ஏறினால் கோழித் தீவனம் விலை ஏறும். தீவனம் ஏறினால் முட்டை விலை ஏறும். ஏழை வீட்டுத் தட்டில் கை வைக்காத எரிபொருள் வேண்டும் என்றால் சாப்பிட உதவாத செடிக்கும் கழிவுக்கும்தான் போக வேண்டும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் 'கழிவு' என்றும் 'தரிசு' என்றும் சொல்லிவிட்டால் போதுமா? இந்த ஒரு வருடத்தில் எனக்குப் புரிந்தது, இப்படி எந்த எரிபொருளைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான். எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும்? எந்த நிலத்திலிருந்து, எந்தத் தண்ணீரிலிருந்து வரும்? இப்போது அது யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றையும் புத்தகத்தைவிட என் வீட்டு ஆட்களிடம்தான் அதிகம் படித்தேன்.

முதல் கேள்வி அப்பாவுக்குரியது.

ப்ராஜெக்ட் விஷயத்தை அப்பாவிடம் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நம்ம ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் அப்பவே கண்டுபிடிச்சாருடா. மூலிகைல பெட்ரோல். பெரிய ஆளுங்க சேந்து அமுக்கிட்டாங்க. அவரை வளர விட்டிருந்தா இன்னிக்கி எனக்கு இந்தக் கஷ்டம் இருக்குமா?" என்றார்.

அப்பா சொன்னது ராமர் பிள்ளையை. ராஜபாளையம் பக்கத்து கிராமத்துக்காரர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். 1996-ல் இலையையும் தண்ணீரையும் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. மந்திரிகளும் விஞ்ஞானிகளும் பத்திரிகைக்காரர்களும் தேடிப் போனார்கள். அப்பாவுக்கு அப்போது 16 வயது. கிளீனராக லாரியில் போய்க்கொண்டிருந்தார். டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சாக இருந்ததாம். படிக்காத நம்மூர் ஆள் ஒருவர் உலகத்துக்கே வழி காட்டப் போகிறார் என்றால், பள்ளிக்கூடம் போக முடியாத 16 வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும்! அந்த சந்தோஷத்தைத்தான் அப்பா முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அதை நான் எப்படிக் கலைப்பது? ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே. விஞ்ஞானிகள் முன்னால் நடந்த சோதனையில் ராமர் பிள்ளையால் அதை நிரூபிக்க முடியவில்லை. பிறகு மூலிகை எரிபொருள் என்ற பெயரில் சென்னையில் விற்பனையும் நடந்தது. சி.பி.ஐ. வழக்குப் போட்டது. டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து விற்றார்கள் என்பது வழக்கு. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

கோர்ட் சொன்னது என்று சொன்னால் அப்பா நம்ப மாட்டார். "கோர்ட்டு யாரு கையில இருக்கு?" என்பார். அதனால் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 750 கிராம் எடை. அதில் 640 கிராம் வரை கார்பன். தண்ணீரில் கார்பன் துளிகூடக் கிடையாது. அப்படியானால் அவ்வளவு கார்பனும் இலையிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கிலோ பச்சை இலையைக் காயவைத்தால் கால் கிலோ மிஞ்சும். அதில் பாதிக்கும் குறைவுதான் கார்பன், சுமார் 110 கிராம். ஒரு துளிகூட வீணாகாமல் அப்படியே மாறினாலும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 6 கிலோ இலை வேண்டும். கைப்பிடி இலையைப் போட்டு லிட்டர் கணக்கில் எடுப்பது எப்படி?

அப்பா பேப்பரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னேன்: "அப்பா, நம்ம வண்டியில பத்து மூட்டை ஏத்திட்டுப் போயி பன்னெண்டு மூட்டை இறக்க முடியுமா?"

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்: "அப்ப அந்த ரெண்டு மூட்டையை நடுவுல எங்கிட்டு ஏத்துனாங்க?"

நண்பர்களே, இதைவிடச் சரியாக இந்தக் கேள்வியை யாரால் கேட்க முடியும்? நாம் பொருண்மை அழியா விதி என்று மனப்பாடம் செய்கிறோம். லோடு ஏற்றி இறக்கும் மனிதருக்கு அது தினசரி வாழ்க்கை. அவருக்கு அறிவு இல்லாததால் முப்பது வருடம் நம்பவில்லை. கணக்கை யாரும் அவர் முன்னால் வைக்காததால் நம்பினார். படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் கேள்வி எங்கள் பெரியப்பாவுக்குரியது.

எங்கள் சொந்த ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல்காட்டில் இருக்கிறது. லீவுக்குப் போனால் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, அதில் நிற்கும் பாலை ஊதி முட்டை விடுவோம். சோப்புத் தண்ணீர் முட்டையைப்போல நிறம் நிறமாகப் பறக்கும். ஆடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு அதைத்தான் நட்டிருப்பார்கள். அந்த வேலிச் செடிக்கு ஒரு காலத்தில் பெரிய யோகம் அடித்தது.

அதன் விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் விஷம், சாப்பிட முடியாது. ஆனால் பயோடீசல் ஆக்கலாம். 2003-ல் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை, நாடு முழுவதும் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டாமணக்கு வளர்ப்பது பற்றிப் பேசியது. குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் அவர்களும் மேடைகளில் இதைச் சொன்னார். 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் உயிரி டீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு தின்னாது, விதை காசாகும்... இதைக் கேட்டால் எந்த விவசாயிக்குத்தான் ஆசை வராது?

பெரியப்பா ஒரு ஏக்கரில் வைத்தார். அதுவரை அதில் மழைக்குச் சோளம் போட்டு, தட்டையை மாட்டுக்கு வைத்திருந்தார்கள். செடி கொடுத்த கம்பெனிக்காரர்கள் விதையைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். செடி பிழைத்தது உண்மை. காய்ப்பு மட்டும் இல்லை. தண்ணீர் இல்லாமல் உயிரோடு இருப்பது வேறு, தண்ணீர் இல்லாமல் காய்ப்பது வேறு அல்லவா! காய்த்ததும் ஒரே நேரத்தில் பழுக்கவில்லை. நாலு காய்க்காக நாலு தடவை காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பறித்த விதை கூலிக்கே கட்டவில்லை. எண்ணெய் எடுத்த பிறகு வரும் புண்ணாக்கும் விஷம், மாட்டுக்கு ஆகாது. மூன்றாம் வருடம் வாங்குவதற்கு யாரும் வரவில்லை. பெரியப்பா செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். ப்ராஜெக்ட்டுக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது, கோவை, திருவண்ணாமலை மாவட்ட விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்து, இதே கதையைச் சொல்லியிருக்கிறது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவரால்தான் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்க முடியும், ஏழை விவசாயிக்கு நஷ்டம்தான் அதிகம் என்பது அதன் சாரம். 2017-ம் வந்தது, போனது. 20 சதவீதம் எங்கே? டீசலில் கலந்த பயோடீசல் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2018-ல் வந்த புதிய கொள்கை இலக்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று இறக்கிக்கொண்டது.

இதில் அப்பத்தா சொன்ன ஒரு வார்த்தையை எழுதியே ஆக வேண்டும். அப்பத்தாவிடம் பத்துப் பன்னிரண்டு ஆடு உண்டு. "தரிசு தரிசுங்கிறாகளே, அது யாருக்குய்யா தரிசு? என் ஆட்டுக்கு அதுதான சோத்துத் தட்டு" என்றார். சீமைக்கருவேலமும் அப்படித்தான். அதை வெட்டி மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நம் தென் மாவட்டங்களில் வந்தன. நல்ல விஷயம்தான், அது நிலத்தைக் கெடுக்கும் மரம். ஆனால் அதே மரத்தை நம்பி அடுப்பெரிக்கும் வீடும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பமும் இருக்கின்றன. ரெவின்யூ ரிக்கார்டில் தரிசு என்று எழுதியிருக்கலாம். அதனால் அங்கே யாருமே இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாம் கேள்வி அம்மாவுக்குரியது. எங்கள் ப்ராஜெக்ட்டும் அதுதான்.

அம்மாவின் வடைச்சட்டியில் எண்ணெய் எப்படி வாழ்கிறது என்று முதலில் சொல்கிறேன். முதல் நாள் புது எண்ணெய். இரண்டாம் நாள் மிச்சத்தோடு கொஞ்சம் புதுசு. மூன்றாம் நாளும் அப்படியே. நுரை கட்டி, கறுத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்ததும் வடிகட்டிக் கேனில் ஊற்றிவிடுவார். வாரத்துக்கு 4 லிட்டர் சேரும். கேன்காரர் ஒருவர் டி.வி.எஸ். எக்செல்லில் வந்து லிட்டர் 40 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போவார்.

அந்த 4 லிட்டரைத்தான் ஒரு வாரம் நாங்கள் கேட்டு வாங்கினோம். கெமிஸ்ட்ரி சாரும் தெர்மல் லேப் சாரும் கூடவே நின்று வழிகாட்டினார்கள். செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டி, 110 டிகிரி வரை சூடாக்கித் தண்ணீரைப் போக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் டீசலுக்குப் பதில் சோப்புதான் கிடைக்கும். பிறகு 60 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். எண்ணெயில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று டைட்ரேஷன் செய்து பார்த்து, அதற்கேற்பப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எடுத்து, லிட்டருக்கு 200 மில்லி மெத்தனாலில் கரைத்துக் கலக்க வேண்டும். மெத்தனால் 65 டிகிரியில் ஆவியாகிவிடும் என்பதால் சூட்டை அதற்குக் கீழேயே வைத்து ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க அசையாமல் விட்டோம். காலையில் பார்த்தால் ஜாடியில் இரண்டு அடுக்கு! கீழே கருப்பட்டிப் பாகு மாதிரி கிளிசரின். மேலே பொன்னிறத்தில் பயோடீசல். மேலே நின்றதை வெந்நீரில் மூன்று முறை கழுவிக் காயவைத்ததும் லிட்டருக்கு 880 மில்லி கையில் நின்றது.

எண்ணெயை ஏன் அப்படியே எஞ்சினில் ஊற்றக்கூடாது என்று கேட்கலாம். ரெட்வுட் விஸ்காமீட்டரில் பார்த்தோம். 40 டிகிரி சூட்டில் அம்மாவின் பழைய எண்ணெய் 50 மில்லி இறங்க 165 விநாடி ஆனது. எங்கள் பயோடீசல் 37 விநாடியில் இறங்கியது. பங்க் டீசல் 34 விநாடி. அவ்வளவு கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரில் பூவாகத் தூவாது. சரியாக எரியாமல் கரி கட்டும். ஒரு எண்ணெய் மூலக்கூறு என்பது மூன்று நீளமான வால்களைக் கிளிசரின் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. மெத்தனால் வந்து அந்த மூன்று வாலையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. மூலக்கூறு சின்னதானதும் எண்ணெய் இளகிவிடுகிறது. பாடத்தில் பாகுநிலை என்று படித்தது கண் முன்னால் சொட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

நூற்றுக்கு இருபது என்று டீசலில் கலந்து லேப் எஞ்சினை ஓட்டினோம். ஓடியது! சைலன்ஸர் பக்கம் நின்றவர்களுக்குப் பசி எடுத்துவிட்டது. அத்தனை பஜ்ஜி வாசம்! எடைக்கு எடை பார்த்தால் பயோடீசலின் வெப்பம் டீசலைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகத்தான் குடித்தது.

இனி அப்பாவின் முதல் கேள்வியை எங்கள் ப்ராஜெக்ட்டுக்கே போட்டுப் பார்க்கலாம். எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தோம்? எண்ணெய் ஒரு லிட்டர், மெத்தனால் 200 மில்லி, கூடவே ஹீட்டருக்குக் கரண்ட். மெத்தனால் கழிவிலிருந்து வந்ததல்ல. உலகத்தில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாராகிறது. அது கொடிய விஷமும்கூட. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்க முடியாது. சார் தன் கையால் அளந்து கொடுத்தாரே தவிர, எங்களைப் பாட்டிலைத் தொட விடவில்லை. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேப் விலைக்கு மருந்து வாங்கிச் செய்ததில் எங்கள் ஒரு லிட்டர் பங்க் டீசலைவிட அதிகமாகவே ஆனது.

அளவையும் பார்ப்போம். 4 லிட்டரும் பயோடீசலானால் மூன்றரை லிட்டர். டவுன் பஸ் லிட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், பெரியாரில் கிளம்பும் பஸ் திருமங்கலம் போய்ச் சேராது. கப்பலூர் டோல்கேட் பக்கம் நின்றுவிடும். இது ஒரு வாரத்து வடைச்சட்டி! நாட்டுக்கே கணக்குப் போட்டாலும் இதே பாடம்தான். வருடத்துக்கு 220 கோடி லிட்டர் பழைய எண்ணெய் திரட்ட முடியும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. எடையில் அது 20 லட்சம் டன். 2023-24-ல் நாட்டில் செலவான டீசலோ 9 கோடி டன்னுக்குப் பக்கம். முழுவதையும் திரட்டினாலும் நூற்றுக்கு இரண்டுதான் தேறும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. "ஏய்யா, ஒங்க டீசல்காரன் லிட்டருக்கு என்ன வெல குடுப்பான்?"

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் சேர்கின்றன. அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் உபயோகிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. அதே ஆகஸ்டில் பழைய எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பும் திட்டமும் வந்தது. 2019 மார்ச் முதல், நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கு எழுதி, பதிவு பெற்றவர்களிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் என் அம்மா நாளைக்கு 3 லிட்டர் போடுகிறவர். நம் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கும் வடைச்சட்டிகளில் எத்தனை 50 லிட்டர் பிடிக்கும்? கணக்கு எழுத வேண்டிய அந்த வரம்புக்குள் இந்தச் சட்டிகள் வருவதே இல்லை.

கேன்காரரிடம் ஒருநாள் கேட்டேன்: "அண்ணே, இது எங்க போகுது?" சிரித்தார். "சோப்புக்குப் போகும், தம்பி. யாரு கூடக் குடுக்குறாங்களோ அவுங்களுக்கும் போகும்" என்றார். அந்த 'யாரு' வேறொரு கடையின் சட்டியாகவும் இருக்கலாம் என்பது அம்மாவுக்கும் தெரியும். அவர் பேசாமல் ஜல்லிக்கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அம்மாவும் நானும் கணக்குப் போட்டோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினால் வாரத்துக்கு 4 லிட்டருக்குப் பதில் 7 லிட்டர் கேனுக்குப் போகும். புது எண்ணெய் 3 லிட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். லிட்டர் 130 என்றால் 390 ரூபாய். கூடுதலாக விற்ற 3 லிட்டருக்குக் கேன்காரர் தருவது 120. ஆக வாரத்துக்கு 270 ரூபாய் கையை விட்டுப் போகும். அது தங்கச்சியின் ட்யூஷன் காசு. அதே எண்ணெய்க்கு ஒருவர் லிட்டர் 60 ரூபாய் கொடுத்தால்? 7 லிட்டருக்கு 420. இப்போது வரும் 160-ஐக் கழித்தால் கூடுதல் 260. அப்போது நஷ்டம் 130 ரூபாயாகச் சுருங்கிவிடும். "நூத்தி முப்பதுன்னா சமாளிக்கலாம்யா. பஜ்ஜி நல்லா இருந்தா கூட நாலு பேரு வருவாக" என்றார் அம்மா.

நண்பர்களே, வடைச்சட்டிப் பயோடீசலால் நாட்டின் டீசல் பஞ்சம் தீராது. ஆனால் பழைய எண்ணெய்க்கு ஒரு நியாயமான விலையை அது வைத்தால், கறுத்த எண்ணெய் சட்டியை விட்டு முன்னதாகவே இறங்கும். எஞ்சினுக்குக் கிடைக்கும் லாபம் இரண்டு சதவீதம். அதைச் சாப்பிடும் கூலிக்காரர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், சட்டிக்கு முன்னால் நின்று தினமும் அந்தப் புகையை இழுக்கும் என் அம்மா போன்றவர்களுக்கும் கிடைக்கும் லாபத்தை எந்தச் சதவீதத்தில் எழுதுவது? அந்த விலை வராமல், விதி மட்டும் வந்து கேனைப் பிடுங்கினால், பெரியப்பாவுக்கு நடந்ததுதான் அம்மாவுக்கும் நடக்கும்.

ஆகவே பேரவைக்கு என் சார்பில் ஒரு கோரிக்கை. நம் கேண்டீனிலும் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் மிஞ்சும் எண்ணெயை முதலில் அளப்போம். நம் காலேஜ் வாசலில் இருக்கும் கடைகளிலும் கேட்டு எழுதுவோம். ஒவ்வொரு கடையிலும் 2 லிட்டர், 3 லிட்டர்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் சேர்த்தால் பதிவு பெற்ற வாங்குபவர் வண்டி அனுப்புகிற அளவுக்கு வந்துவிடலாம். தெருத் தெருவாகச் சுற்றிச் சேர்ப்பதற்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை. கேன்காரருக்கு எந்தத் தெருவில் எந்தச் சட்டி என்று ஏற்கெனவே தெரியும். அவருக்கும் அதில் ஒரு கூலி இருக்க வேண்டும். கெமிக்கல் துறையினர் எண்ணெயைச் சோதிக்கட்டும். மெக்கானிக்கல் துறையினர் நாங்கள் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறோம். விலை பேசுவதற்கு என் அம்மாவை அழைத்து வருகிறேன். அவரிடம் யாரும் ஒரு ரூபாய்கூட ஏமாற்ற முடியாது!

நாளைக்கு வேலைக்குப் போன இடத்தில், புதிதாக ஒரு செடியைக் காட்டியோ ஒரு குப்பையைக் காட்டியோ, இதிலிருந்து எரிபொருள் கொட்டும் என்று யாராவது சொல்லலாம். சந்தோஷப்படுங்கள், ஓடிப்போய்ப் பாருங்கள். ஆனால் எத்தனை மூட்டை ஏற்றி எத்தனை மூட்டை இறக்குகிறார்கள் என்று எண்ணுங்கள். அது யாருக்குத் தரிசு என்று கேளுங்கள். லிட்டருக்கு என்ன விலை கொடுப்பான் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். டிப்ளமோ வாங்காத மூன்று பேர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.